நட்டது எத்தனை, நிற்பது எத்தனை?

வங்கியில் 37 வருஷம் குப்பை கொட்டிவிட்டு 2018ல் ஓய்வு பெற்றேன். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே அப்பா விட்டுப் போன மூன்றரை ஏக்கர் இருந்தது. அதில் நெல், உளுந்து, வரப்பில் துவரை என்று இயற்கை வழியில் செய்து வருகிறேன். விவசாயத்தில் நான் இன்னும் கத்துக்குட்டிதான். ஆனால் கணக்கு எழுதுவதில் அப்படி இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கட்டுரை. பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து மரம் நடும் நண்பர்கள் நம் இயக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் பட்டதை எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் கன்றாவது மிச்சமாகும்.

முதல் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019 ஜூன். உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் மரம் நட வேண்டும் என்று டீச்சர் கூப்பிட்டார். அந்த வருஷம் ஜூன் 5 ரம்ஜான் லீவு, அதனால் 6ஆம் தேதி வைத்துக்கொண்டோம். சிப்காட்டில் இருக்கும் ஒரு கம்பெனி 150 கன்று, பேனர், பிள்ளைகளுக்குத் தொப்பி, பிஸ்கட் எல்லாம் கொடுத்தது. ஒரு மணி நேரத்தில் 150 கன்றும் மண்ணுக்குள் போய்விட்டது. ஃபோட்டோ எடுத்தார்கள். நானும் முன்வரிசையில் நின்று பல்லைக் காட்டினேன்.

அது எப்படிப்பட்ட ஜூன் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், புழல் எல்லாம் வெடித்துக் கிடந்தன. சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தது அடுத்த மாசம், ஜூலையில்தான். திருவள்ளூர் மாவட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் பட்டணம் போய்க்கொண்டிருந்தது. மனுஷனுக்கே குடம் தண்ணிக்குச் சண்டை. அந்த நேரத்தில் 150 கன்றை மண்ணில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். யோசிச்சுப் பாருங்க.

ஆகஸ்ட் 15க்குக் கொடியேற்றப் போனபோது எண்ணினேன். 64. மறு வருஷம் மார்ச்சில், கொரோனாவுக்குப் பள்ளியை மூடும் முன்னால் எண்ணினேன். 11. அந்த 11ல் 7 கோனோகார்பஸ். கம்பெனி கொடுத்ததில் பாதி அந்தச் செடிதான் என்பது எனக்கு அப்போது தெரியவே தெரியாது. பச்சைப் பசேல் என்று இருந்தது, ஏதோ நல்ல மரம் என்று நினைத்துவிட்டேன். வேர் போய்க் குழாயை அடைக்கிறது, மகரந்தம் மூச்சுக்கு ஆகவில்லை என்று குஜராத் அரசு 2023லேயே அதற்குத் தடை போட்டது. தமிழ்நாடும் 2025ல் அதே வழிக்கு வந்தது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போன செடி அது. ஆட்டுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

கொரோனா முடிந்து 2022 ஜூனில் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். வகுப்பில் போய் நின்றேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். 2019ல் அவள் ஐந்தாவது, தொப்பி போட்டுக்கொண்டு நட்டவள்.

"இன்னா தாத்தா, இந்த வருசமும் சாவற செடிதான் நடப் போறோமா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மரம் நடுவது என்றால் குழி தோண்டுவது, வைப்பது, ஃபோட்டோ எடுப்பது, பிஸ்கட் தின்பது, பிறகு அது காய்ந்து போவது. அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்த பாடம் அவ்வளவுதான். 139 கன்று செத்ததைவிட எனக்கு இதுதான் உறைத்தது. டீச்சர் அவளை உட்காரச் சொன்னார். நான்தான் "இரும்மா, அவ சரியாத்தான் கேட்கறா" என்றேன்.

லோன் மேளாவும் மரம் நடும் விழாவும்

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் லோன் மேளா என்று ஒன்று உண்டு. இளைஞர்களுக்குத் தெரியாது. மைதானத்தில் பந்தல் போட்டு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பேருக்குக் கடன் கொடுப்போம். மேடையில் தலைவர்கள், மாலை, கைதட்டல். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதுதான் கணக்கு. ஆறு மாசம் கழித்து அந்தக் கறவை மாடு எங்கே, பால் கறக்கிறதா, ஆளே ஊரில் இருக்கிறானா என்று தேடிக்கொண்டு சைக்கிளில் அலைவது என்னைப் போன்ற கள அலுவலர்கள். ஐ.ஆர்.டி.பி. மாட்டுக்குக் காதில் வில்லை அடித்திருப்போம். சில வீடுகளில் மாடு இருக்காது, வில்லை மட்டும் பத்திரமாக இருக்கும்!

கடன் கொடுப்பது ஒரு நாள் வேலை. வசூல் ஐந்து வருஷ வேலை. மரமும் அப்படித்தான் என்பது எனக்கு ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. 2019ல் நான் செய்தது பச்சை நிறத்தில் ஒரு லோன் மேளா.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. துருக்கியில் 2019 நவம்பர் 11ஆம் தேதி ஒரே நாளில் நாடு முழுக்க 1 கோடியே 10 லட்சம் கன்று நட்டார்கள். மூணு மாசத்துக்குள் அந்நாட்டு வனத் தொழிலாளர் சங்கம், தாங்கள் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போச்சு என்று சொன்னது. அரசு மறுத்தது. இமாச்சலப் பிரதேசத்தில் காங்க்ரா பகுதியில் பல பத்தாண்டுகளாக அரசு நட்ட தோட்டங்களை ஆராய்ந்து 2021ல் ஒரு ஆய்வு வந்தது. அத்தனை நட்டும் காட்டின் தழைப்பரப்பு கூடினதாகத் தெரியவில்லை என்றது.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார், 2004ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். அவருடைய இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் தாங்களே நாற்று வளர்த்தார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கப்பட்டது. எதற்குத் தெரியுமா? நட்ட கன்றுக்கு இல்லை, பிழைத்த கன்றுக்கு. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு வங்கிக்காரனுக்குத் தானாகத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை.

ஜூன் 5 விதைக்கிற நாள்

முதலில் காலத்தைச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஜூன் 5 உலகத்துக்குப் பொதுவான தேதி. ஜூலை முதல் வாரத்து வன மகோத்சவம் 1950ல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கியது. தென்மேற்குப் பருவம் கொட்டும் ஊர்களுக்கு அது சரி. நமக்கு? திருவள்ளூர் மாவட்டத்தில் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில்தான் விழுகிறது. ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு கொஞ்சம் பெய்யும், அவ்வளவே. அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரே வாரத்தில் கன்றை வைத்தால், நல்ல மழை வருவதற்குள் நாலு மாசம் நாம் ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டும். புரட்டாசிக் கடைசியில் வைத்தால் அடுத்த ரெண்டு மூணு மாசம் வானம் பார்த்துக்கொள்ளும். கோடை வருவதற்குள் வேர் ஆழம் பிடித்திருக்கும்.

அப்படியானால் ஜூன் 5ல் பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது? அப்போதுதான் வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் பழுக்கத் தொடங்கி ஆனி, ஆடியில் உதிர்கிறது. ஆகவே அது விதை பொறுக்குகிற, பைக்குள் போடுகிற காலம். 2022 ஜூன், ஜூலையில் நாங்கள் ஒரு கன்றுகூட நடவில்லை. பிள்ளைகள் பழம் பொறுக்கினார்கள். நாவலைத் தின்று கொட்டையைத் துப்புவதும் விதை சேகரிப்புதான் என்றதும் வகுப்பே என் பக்கம் வந்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம். வேப்பங்கொட்டையைச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி ரெண்டு மூணு வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும், வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும். நாவலும் இலுப்பையும் இன்னும் மோசம், பொறுக்கிய சூட்டோடு போட வேண்டும். புங்கன் மட்டும் பொறுமைசாலி, மாசக்கணக்கில் தாங்கும். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இதுதான் பை மண். பால் கவரில் அடியில் நாலு ஓட்டை போட்டால் பை தயார். நாவல் கொட்டை ஒன்றிலிருந்து ரெண்டு மூணு முளை வரும். "தாத்தா, ரெட்டைப் புள்ள!" என்று ஓடி வந்தான் ஒருவன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிரித்து வேறு பையில் வைக்கச் சொன்னேன். பூவரசுக்கு விதையே வேண்டாம், மழைக்காலத்தில் போத்து வெட்டி ஊன்றினால் போதும்.

ஜூனில் போட்ட விதை அந்தப் புரட்டாசிக்குள் நடுகிற அளவு வளராது, அடுத்த புரட்டாசிக்குத்தான். அந்த வருஷத்து நடவுக்கு 40 கன்று வனத்துறை நாற்றங்காலில் வாங்கினோம். 150 எங்கே, 40 எங்கே என்று சிலர் முகம் சுளித்தார்கள். எத்தனை கன்றுக்குக் கோடையில் தண்ணி ஊற்ற ஆள் இருக்கிறதோ அத்தனைதான் நட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். திருப்பிக் கட்டும் சக்தி பார்த்துத்தானே கடன் தர வேண்டும்?

எங்கே, எதை, எப்படி

இடத்துக்கு அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பள்ளிக்குப் போகும் சாலையோரம், ஏரிக்கரை அடிவாரம், பள்ளி வேலியோரம் ஆகிய மூன்று இடங்களிலும் பள்ளிப் பிள்ளைகள் மரம் வளர்ப்பார்கள் என்று எழுதி, நகல் வாங்கி டீச்சர் பீரோவில் வைத்தாயிற்று. பத்திரம் இல்லாத சொத்துக்குக் கடன் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. இருந்தாலும் யார் நட்டது, யார் பொறுப்பு என்று காகிதம் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் சோழமண்டலக் கரையின் பழைய உலர் பசுங்காடு இன்னும் மிச்சம் இருக்கிறது. ராக்கெட் தளம் என்பதால் யாரும் உள்ளே போய் வெட்டவில்லை. நம் மண்ணுக்கு எது சொந்தம் என்பதற்கு அதுவே சாட்சி. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்று நான் சென்னையில் கிளையில் இருந்தேன். மறுநாள் நடந்து வீட்டுக்குப் போனபோது தெருவெல்லாம் விழுந்து கிடந்தது பெரும்பாலும் தூங்குமூஞ்சி, செம்மயில்கொன்றை, பெருங்கொன்றை. வேம்பும் புங்கனும் கிளை ஒடிந்து, மொட்டையாக, ஆனால் நின்றுகொண்டிருந்தன.

நாங்கள் வைத்தது நாவல் 8, புங்கன் 8, பூவரசு 6, வேம்பு 6, நீர்மருது 4, இலுப்பை 4, மகிழம் 2, நாட்டு வாகை 2. இதில் வேம்பில் தப்புச் செய்தேன், பின்னால் சொல்கிறேன். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்டது ஊரறிந்த விஷயம். அந்தப் பக்கத்து நண்பர்கள் பூவரசு, புங்கன், பனை என்று போவது நல்லது.

குழியை ஆவணியிலேயே பெரியவர்கள் தோண்டிப் போட்டோம், ரெண்டடிக்கு ரெண்டடி. மேல்மண் தனி, அடிமண் தனி. குழி ஒரு மாசம் வெயில் காய வேண்டும். பிள்ளைகளை அன்றே தோண்டச் சொன்னால் அரையடிக்கு மேல் தோண்ட மாட்டார்கள். அவர்கள் கை அவ்வளவுதான் தாங்கும். மேல்மண், தொழுவுரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்பினோம். களிமண் இடத்தில், அதாவது எங்கள் ஏரிக்கரை அடிவாரத்தில், குழி கூடாது, முக்காலடி மேடு எழுப்பி அதன்மேல் வைக்க வேண்டும். ஐப்பசியில் அங்கே தண்ணி நிற்கும்.

நட்ட நாள் 2022 அக்டோபர் 15, புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. பாதிப் பிள்ளைகள் நெற்றியில் நாமத்தோடு வந்தார்கள். பேனர் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் பிளேடு கொடுக்கவில்லை, பயந்து, டீச்சரும் நானுமே பையைக் கிழித்தோம். 2019ல் பையோடேயே புதைத்த கன்றுகளைப் பிறகு நான் தோண்டிப் பார்த்திருக்கிறேன், வேர் உள்ளேயே சுருண்டு கயிறு மாதிரி கிடந்தது. அடியில் சுருண்ட வேர் இருந்தால் நுனியை நறுக்கிவிடுங்கள். பையில் இருந்த மட்டத்துக்கே மண் அணைத்து, கழி ஊன்றி, எட்டு வடிவத்தில் தளர்வாகச் சணல் கட்டி, சுற்றி வைக்கோல் மூடாக்கு. வேலிக்குச் சீமைக்கருவேல முள். அந்த மரத்தால் ஊருக்கு ஆன ஒரே உபகாரம் அதுதான். ரெண்டு மாசத்தில் மாண்டஸ் புயல் வந்தபோது கழி கட்டின கன்று ஒன்றுகூடச் சாயவில்லை.

கோடை லீவில் யார்?

ஒவ்வொரு கன்றுக்கும் எண் போட்ட தகர வில்லை கட்டினோம், அந்தக் காலத்து மாட்டு வில்லை மாதிரியே. ஒரு நீள நோட்டு. எண், மரம், நட்டவர், எட்டின உயரம், தண்ணி ஊற்றிய தேதி, குறிப்பு. வங்கியில் 90 நாள் வட்டி வராவிட்டால் வாராக்கடன். இங்கே கோடையில் பத்து நாள் தண்ணி தேதி விழாவிட்டால் சிவப்பு மையில் வட்டம். தேசிய பசுமைப் படை என்று 2001லிருந்தே பள்ளிகளில் இருக்கிறதே, அந்தப் பிள்ளைகள்தான் நோட்டுக்குப் பொறுப்பு.

ஜனவரியில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் பெரிய ஓட்டை கண்ணில் பட்டது. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடினால் ஜூனில்தான் திறப்பார்கள். கன்றுக்கு உயிர் போகிற நாற்பது நாளும் சரியாக அதே நாற்பது நாள். பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2019ஐப் போல ஜூனில் நட்டு எப்படியோ தப்பிக்கும் கன்றும் இந்த லீவில்தான் சாகிறது. நாட்டில் எத்தனை பள்ளிகளில் இப்படி நடக்கிறதோ!

அதனால் கன்றை ஒரு பிள்ளை பேரில் எழுதுவதை விட்டு, ஒரு வீட்டின் பேரில் எழுதினோம். நாற்பது கன்றுக்கும் பக்கத்து வீடு எது என்று பார்த்து, அந்த வீட்டு அம்மாவிடம் பிள்ளையே போய்க் கேட்க வேண்டும். வாரத்துக்கு ரெண்டு தரம், ஒரு தரத்துக்கு ஒரு குடம். அரிசி களைந்த தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, எதுவானாலும் சரி. சோப்பு அதிகம் வேண்டாம், அவ்வளவுதான். பழைய பானை இருந்தவர்கள் அடியில் ஓட்டை போட்டுத் திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்தார்கள். சத்துணவுக் கூடத்து ஆயா வேலியோரத்து எட்டுக் கன்றை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டார். 31 கன்றுக்கு வீடு கிடைத்தது. ஏரிக்கரையில் 9 கன்றுக்குப் பக்கத்தில் வீடே இல்லை. அங்கே இருப்பது செங்கல் சூளை.

நம் மாவட்டத்துச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவது தெரிந்ததே. தை வாக்கில் வருவார்கள், மழை தொடங்கும் ஜூன் வாக்கில் போவார்கள். அந்தக் குடும்பங்களின் மூணு பிள்ளைகள் அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள். நம் பிள்ளைகள் ஊருக்குப் போகும் ஏப்ரல், மே மாசத்தில் சரியாக ஊரில் இருப்பவர்கள் அவர்கள்தான். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெயிலில் செங்கல் அடுக்கும் வீட்டுப் பிள்ளையிடம் போய்த் தண்ணி ஊற்று என்பதா? நான் கேட்கவில்லை. அதில் பத்து வயசுப் பையன் ஒருவன் தானே வந்து நோட்டில் 22லிருந்து 30 வரை விரல் வைத்துக் காட்டினான். தமிழ் அரைகுறை. தினம் சாயங்காலம் சூளைக் குழாயில் குடம் பிடித்து ரெண்டு கன்று, மூணு கன்று என்று ஊற்றினான். தேதி எழுதத் தெரியாமல் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தான். ஒன்பது கன்றில் ஒன்றுகூட அந்தக் கோடையில் போகவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அவர்கள் குடும்பம் ரயிலேறி விட்டிருந்தது. நான் ஒரு பேனாகூட வாங்கிக் கொடுக்கவில்லை.

2023 அக்டோபரில் ஒரு வருஷக் கணக்கு: 40ல் 34. ஆடு மேய்ந்தது 3, டிராக்டர் ஏறியது 1, காய்ந்தது 2. காய்ந்த ரெண்டுக்கும் பொறுப்பான வீடு எது என்று நோட்டில் இருந்தது, ஆனால் வாசிக்க வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். ஒரு வீட்டில் அந்தக் கோடையில் சாவு. நோட்டில் எல்லாமா எழுத முடியும்? ஆறு இடத்திலும் நாங்களே பால் கவரில் வளர்த்த கன்றை வைத்துப் பாடுவாசி நிரப்பினோம்.

அதே மாசம் கடற்கரை மாவட்டங்களில் கோடிப் பனை விதை நடும் இயக்கம் நடந்தது. எங்கள் பிள்ளைகளும் ஏரிக்கரையில் 200 பனங்கொட்டை புதைத்தார்கள். பனைக்குத் தண்ணியும் வேண்டாம், வேலியும் வேண்டாம், நம் மாநில மரம் வேறு. 2021லேயே வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைக்கு ஏற்பாடு செய்தார்கள். நான் நிம்மதியாக இருந்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தால் கரை நெடுக குழி குழியாக இருக்கிறது. ஊர்க்காரர்கள் பனங்கிழங்கு தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள்! யாரைக் குறை சொல்வது? எனக்கும் ஒரு வீட்டிலிருந்து வேகவைத்து நாலு கிழங்கு வந்தது, தின்றேன். கொட்டை புதைக்கும் இடம் எதற்கு என்று ஊரில் தமுக்கு அடித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்கு முன்னாலேயே டிசம்பர் 3, 4ல் மிக்ஜாம் மழை. ஏரிக்கரை அடிவாரம் ஒரு வாரம் குளமாக நின்றது. மேட்டில் வைத்த நாவல், நீர்மருது, புங்கன் எதுவும் ஆகவில்லை. வேம்பு ஆறில் நாலு போயிற்று. தண்ணி நிற்கும் இடத்தில் வேம்பு தாங்காது. இது எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நான் யாரையும் கேட்கவில்லை. மண்ணுக்கு ஏற்ற மரம் என்று மேடையில் பேசுகிறவன், வேம்பு எங்கேயும் வரும் என்ற நினைப்பில் பள்ளத்தில் வைத்தேன்.

2024 ஜனவரியில் சூளை மறுபடி பற்றினார்கள். முதல் நாள் மத்தியானம் அந்தப் பையன் பள்ளிக்கு வந்தான். பெஞ்சில் உட்காராமல் நேரே கரைக்கு ஓடினான், பின்னாலேயே நாலு பிள்ளைகள். 25, 26 ரெண்டும் வேம்பு, வில்லை மட்டும் கம்பில் ஆடிக்கொண்டிருந்தது. எதுவும் கேட்காமல் நின்றான். "தண்ணி நின்னுடுச்சுடா" என்று ஒரு பெண் பிள்ளை கையை மார்பு மட்டத்துக்கு வைத்துக் காட்டினாள். அவன் நாற்றங்காலுக்குப் போய் ஒரு நாவல் கன்றை எடுத்துக்கொண்டு வந்தான். தையில் நடக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அன்றைக்கு நட்டோம். 25ஆம் எண் இப்போது அவன் உயரத்துக்கு மேல் இருக்கிறது.

மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று சாலையோரத்தில் ஒரு நாட்டு வாகையை யாரோ போன வருஷம் அடியோடு வெட்டிவிட்டார்கள். தீர்மான நகலைக் காட்டிக் கேட்டோம். இனிமேல் கிளை மட்டும்தான், அதுவும் சொல்லிவிட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கம்பிக்கு அடியில் உயரமான மரம் வைத்தது எங்கள் தப்பும்தான். அங்கே இப்போது மகிழம் இருக்கிறது.

இந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை எண்ணினோம். 2022ல் நட்ட 40ல் நிற்பது 29. பாடுவாசியையும் சேர்த்தால் 38. அன்று கேள்வி கேட்ட பெண் இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். எண்ணுகிற நாளுக்கு மட்டும் வந்துவிடுவாள். நோட்டை வாங்கி, நான் போட்ட கூட்டலைச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள்.

தமிழ்நாடு பசுமை இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது, 23.7 சதவீதமாக இருக்கும் காடும் மரப் பரப்பும் 33 சதவீதம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். கன்று இப்போது எளிதாகவே கிடைக்கிறது. கம்பெனிகளும் கேட்டால் தருகின்றன. போன வருஷம் ஒரு கம்பெனி 500 கன்று தருகிறேன் என்றபோது டீச்சர் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டார்: "சார், அம்பது போதும். மிச்சத்துக்கு ரெண்டு தண்ணித் தொட்டி வாங்கிக் குடுங்க." தொட்டி வந்தது. ஒன்று ஏரிக்கரைப் பக்கம் இருக்கிறது.

பிள்ளைகளின் நாற்றங்காலில் இப்போது இலுப்பை 60 கன்று, மூணடி உயரத்தில் தயாராக இருக்கிறது. எங்கள் ஊரில் அவ்வளவுக்கும் இடமில்லை, ஆளும் இல்லை. எளாவூர், ஆரம்பாக்கம், மாதர்பாக்கம், கவரைப்பேட்டை பக்கத்துப் பள்ளிகளுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறோம், ஐப்பசி மழை விடுவதற்குள் வந்து எடுத்துப் போகலாம். எத்தனை வீடு தண்ணி ஊற்ற ஒத்துக்கொண்டது என்று எழுதிக்கொண்டு வர வேண்டும், அத்தனை கன்றுதான் கிடைக்கும். அடுத்த புரட்டாசியில் எத்தனை நிற்கிறது என்று ஒரு தபால் அட்டை போட வேண்டும். பூஜ்யம் என்றாலும் போடுங்கள், இந்தப் பிள்ளைகள் நோட்டில் அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.